கோயிலுக்குப் பாட்டு எழுதும் பிள்ளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தவக்காலம், அதாவது ஈஸ்டருக்கு முந்திய நோன்புக்காலம், நெருங்கினால் கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் பாடகர் குழுப் பயிற்சிக்கு யாராவது ஒரு பிள்ளை புதுப் பாட்டோடு வந்து நிற்கும். இந்த முறை வந்தவன் கிட்டார் வாசித்துப் பாடி, ஃபோனில் பதிவுசெய்து கொண்டுவந்திருந்தான். நல்ல மெட்டு. இரண்டாவது அடியில் எனக்குப் பக்கென்றது. இருபது வருடத்துக்கு முன் நான் விட்ட அதே பிழை. சுருதி விலகுவது, தாளம் தப்புவது பற்றியெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அவை பயிற்சியில் சரியாகிவிடும். எழுதும்போதே செய்துவிடும் பிழைகள் அப்படியல்ல.

குறிலை நீட்டி வேறு சொல்லாக்குவது

என்னுடைய தவக்காலப் பாட்டு "மனம் தாரும் ஆண்டவரே" என்று தொடங்கும். கல்லான இதயத்தை எடுத்துவிட்டுப் புதிய இதயம் தருவேன் என்று விவிலியத்தில் எசேக்கியேல் 36ஆம் அதிகாரத்தில் கடவுள் சொல்கிறாரே, அதை நினைத்து எழுதியது. மெட்டோ, நான் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்த ஆங்கிலப் பாட்டுகளின் சாயலில் வந்தது. முதல் சுரமே நான்கு எண்ணிக்கைக்கு நிற்கும். அந்த நான்கும் "ம" மேல் விழுந்தன. குழு முழுவதும் சேர்ந்து பாடியபோது கோயிலுக்குள் கேட்டது "மானம் தாரும் ஆண்டவரே".

பூசை முடிந்து வெளியே வந்தபோது வயதான ஓர் அம்மா என் கையைப் பிடித்தார். "மகன், நான் மானம் கேட்கவா கோயிலுக்கு வாறன்? மன்னிப்புக் கேட்கத்தானே வாறன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. ஒரு மன்றாட்டை எழுதி, அதை மன்றாட வந்தவருக்கே விளங்காமல் ஆக்கியிருந்தேன்.

அதற்குள் குழுவினர் சேர்த்த காசில் பாட்டை ஸ்டூடியோவில் பதிவுசெய்து சீடீ போட்டாயிற்று. திருத்துவதென்றால் எல்லாக் குரல்களையும் மறுபடி பதிவுசெய்ய வேண்டும். கையில் காசு இல்லை. பாட்டு வேறு கோயில்களுக்கும் போனது. இன்றைக்கும் எங்காவது அந்த "மானம்" காதில் விழும்போது எனக்கு உடம்பு கூசும்.

தமிழில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்யெழுத்துக்கு அரை. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் மனப்பாடம் செய்ததுதான். ஆங்கிலத்தில் சொல்லின் ஓர் அசையை எவ்வளவு நீட்டினாலும் பெரும்பாலும் அதே சொல்தான். தமிழில் நீளம் மாறினால் பொருளே மாறும். வரம் வாரமாகும், விடு என்பது வீடாகும். உயிர்ப்புப் பாட்டொன்றில் கல்லறையின் "கல் புரண்டது" என்பது "கால் புரண்டது" என்று ஒலித்ததையும் கேட்டிருக்கிறேன்.

கர்நாடக இசையில் குறிலை நீட்டுவதில்லையா என்று பிள்ளைகள் கேட்பார்கள். நீட்டுவார்கள். நல்ல பாடகர் முதலில் சொல்லைச் சொல்லாகக் கேட்கவைத்துவிட்டு, பிறகு நீட்டுவார். நம் கூட்டுப்பாட்டில் முதல் தடவையே நீட்டிவிடுகிறோம்.

செய்ய வேண்டியது இதுதான். மெட்டுப் போடுமுன் வரிகளைச் சத்தமாக வாசியுங்கள். நெடில் வரும் இடமெல்லாம் கோடு போடுங்கள். நீண்ட சுரம் அங்கே விழட்டும். நெடில் இல்லாவிட்டால், மூக்கொலியில் முடியும் அசையில் நிற்கலாம். "மனம்" என்பதில் "ம"வைச் சட்டென்று விட்டுவிட்டு "னம்" மேல் நின்றால் சொல் உடையாது. "அன்பு" என்பதில் "ன்" மேல் நிற்கலாம், கடைசி "பு"வில் நிற்கக் கூடாது. அது குற்றியலுகரம், குறுகி ஒலிக்கும் உகரம். நீட்டினால் "அன்பூ" என்று ஏதோ பூவின் பெயராகிவிடும்.

கொழும்பில் இந்தப் பிழைக்கு இன்னொரு காரணமும் உண்டு. இங்கிலீஷ் மீடியத்தில் படித்த பிள்ளைகளுக்காகப் பாட்டுத் தாளை ஆங்கில எழுத்தில் அடித்துக் கொடுக்கிறோம். திரையிலும் அப்படியே போடுகிறோம். அந்த எழுத்தில் மனத்துக்கும் மானத்துக்கும் அதே ஐந்து எழுத்துகள். ல, ள, ழ மூன்றும் ஒன்றாகிவிடும். பாடும் பிள்ளை பிழையை எப்படிக் கண்டுபிடிக்கும்? ஆங்கில எழுத்து வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அந்தப் பிள்ளைகளும் பாடத்தான் வேண்டும். தமிழ் வரியை மேலே, ஆங்கில எழுத்தைக் கீழே அடியுங்கள். நெடிலுக்கு எழுத்தை இரட்டித்துக் காட்டுங்கள்.

தாரும், வாரும், பாரும்

அடியின் கடைசியில் மட்டும் ஒலி சேர்ந்தால் போதும் என்று நினைப்பது. தமிழ்ப் பாட்டின் காது அடியின் தொடக்கத்தில் இருக்கிறது, எதுகையும் மோனையும் அங்கேதான். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) கிறிஸ்தவ நம்பிக்கையைக் குறவஞ்சி என்ற தமிழ் நாடகப் பாட்டு வடிவத்திலேயே பாடினார். அவருடைய கீர்த்தனைகளை வாய்விட்டுப் பாடிப் பாருங்கள், பிறகு எழுதுங்கள்.

"நீர்" என்று தொடங்கி "உன்" என்று முடிப்பது

ஒரே பாட்டில் கலக்காதீர்கள்.

"தூய ஆவியார் தந்தது, மாற்ற மாட்டேன்"

இதைச் சொன்ன பிள்ளைகளோடு நிறைய வாதாடியிருக்கிறேன். விடுதலைப் பயணம் 31ஆம் அதிகாரத்தில் பெட்சலேல் என்ற கைவினைஞர் இறை ஆவியால் நிரப்பப்படுகிறார். நிரப்பப்பட்டதும் அவருக்குக் கிடைப்பது ஞானமும் அறிவும் கைத்திறனும். பொன், வெள்ளி, வெண்கலம், கல், மரம் எல்லாவற்றிலும் வேலை செய்யும் திறன். செதுக்கிய மரத்தை மறுபடி செதுக்காத தச்சன் உண்டா? திருப்பாடல் 119ஐ எடுத்துக்கொள்ளுங்கள். எபிரேய மொழியின் 22 எழுத்துகள், எழுத்துக்கு எட்டு வசனம், மொத்தம் 176. ஒவ்வோர் எட்டும் தனக்குரிய எழுத்தில் தொடங்கும். அப்படி இழைத்த ஒன்றைத்தான் செபம் என்று கைக்கொண்டிருக்கிறோம். நீங்கள் எழுதியதை நாலு தரம் மாற்றுவது ஆவியாருக்கு எதிரான வேலை இல்லை.

அடுத்தவர் பாட்டைக் கேட்காமல் மொழிபெயர்ப்பது

அனுமதி கேளுங்கள்.

மகிழ்ச்சிப் பாட்டு மட்டும் எழுதுவது

புதிதாக எழுதுகிறவர்கள் பத்துப் பாட்டு எழுதினால் ஒன்பது வெற்றியும் ஆனந்தமுமாக இருக்கும். எங்கள் குழுவின் கோப்பும் அப்படித்தான் இருந்தது. 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு காலையில் கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்தில் குண்டு வெடித்தது. நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியில், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில், கொழும்பு ஹோட்டல்களில் வெடித்தது. பூசைகள் நிறுத்தப்பட்டிருந்து, பிறகு நாங்கள் பயிற்சிக்குக் கூடிய முதல் மாலையில் கோப்பைப் புரட்டினோம். அந்த மாலையில் பாடக்கூடிய பாட்டு ஒன்றுகூட அதில் இல்லை. ஒரு பிள்ளை திருப்பாடல் 88ஐத் திறந்து வாசித்தாள். ஆறுதலில் போய்ச் சேராமல், இருளோடேயே முடிகிற திருப்பாடல் அது. அதற்கு மெட்டுப் போட எங்களுக்கு அடுத்த தவக்காலம் வரை பிடித்தது.