“சாமி கண்ணைக் குத்தும்”: சின்னப் பிள்ளைகளின் நியாயத்தைப் புரிந்துகொள்வதில் நடக்கும் தவறுகள்

கும்பகோணம் பக்கத்துக் கிராமத்தில் ஐந்து வயதுப் பிள்ளை ஒன்று வாய்க்கால் படித்துறையில் வழுக்கி விழுகிறது. “நேத்து கேக்காம வெல்லம் எடுத்துத் தின்னேன், அதான்” என்று அழுகிறது. தப்பு செய்தால் தண்டனை எப்படியாவது வந்து சேரும் என்ற இந்த நம்பிக்கையை சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே 1932-இல் வெளியிட்ட நூலில் விவரித்தார். அந்த வயதில் இது இயல்பு. “பாத்தியா, சாமி குடுத்துச்சு” என்று நாமும் சேர்ந்து சொல்வதுதான் தவறு. படியில் பாசி இருந்தது, அதனால் வழுக்கியது. வெல்லம் எடுத்தது வேறு விஷயம். இரண்டையும் பிரித்துச் சொல்லுங்கள்.

அடிக்கடி நடக்கும் தவறு, பதிலை மட்டும் வைத்து முடிவுகட்டுவது. “திருடலாமா?” என்றால் “கூடாது” என்று ஐந்து வயதும் சொல்லும், பதினைந்தும் சொல்லும். அமெரிக்க உளவியலாளர் லாரன்ஸ் கோல்பர்க் 1958-இல் சிகாகோ பல்கலைக்கழகத்துக்குத் தந்த ஆய்வில், சாகக்கிடக்கும் மனைவிக்காகக் கணவன் மருந்தைத் திருடலாமா என்ற கதையைச் சொல்லி, ‘ஏன்’ என்பதைத்தான் எடைபோட்டார். “கூடாது, ஜெயில்ல போடுவாங்க” என்பது, நியாய உணர்வு வளர்வதை அவர் பிரித்த நிலைகளில் முதல் நிலை. “திருடலாம், அவ செத்துட்டா இவனைத்தான் போலீஸ் பிடிக்கும்” என்பதும் அதே முதல் நிலைதான். பதில் நேர்மாறு, காரணம் இரண்டிலும் தண்டனை பயம்.

வீட்டிலோ பால்வாடியிலோ கதை சொல்லிக் கேட்பவர்கள் இன்னொன்றில் சறுக்குகிறார்கள். பியாஜேயின் கதையில் ஒரு பையன் தெரியாமல் கதவைத் தள்ளி 15 கோப்பைகளை உடைக்கிறான். இன்னொருவன் ஜாம் எடுக்க ஏறி ஒன்றை உடைக்கிறான். சின்னப் பிள்ளைகள் பெரும்பாலும் 15 உடைத்தவனையே குற்றம் சொல்லும். இதில் எண்ணமும் சேதமும் கலந்துவிடுகின்றன. முதலில் சேதத்தைச் சமமாக வையுங்கள்: விருந்தாளிக்குக் காபி கொண்டுபோனவன் உடைத்தது ஒரு டம்ளர், அதிரச டப்பாவுக்கு எக்கியவன் உடைத்ததும் ஒரு டம்ளர். இப்படிக் கேட்டால் சின்னதுகூட எண்ணத்தைக் கவனிக்கும். அதற்குப் பிறகு எண்ணிக்கையைக் கூட்டுங்கள். கேள்விக்கு முன்னால் பிள்ளையையே கதையைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். யார் எதை உடைத்தது என்பதே பாதி நேரம் குழம்பியிருக்கும். “நல்லா யோசிச்சுச் சொல்லு” என்று மட்டும் வேண்டாம். முதல் பதில் தப்பு என்று எடுத்துக்கொண்டு மாற்றிவிடும்.

பயம் ஒன்றுதான் பிள்ளையின் நியாயம் என்று நினைப்பதும் சரியல்ல. “டீச்சரே அடிக்கலாம்னு சொன்னா அடிக்கலாமா?” என்று கேட்டால், பள்ளி சேராத வயதிலேயே பல பிள்ளைகள் கூடாது என்கின்றன. உளவியலாளர் எலியட் டூரியேல் வழிவந்த ஆய்வுகள் காட்டியது இதை.

சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளைக்கு நியாயம் விளங்கிவிட்டது என்றும் எண்ணாதீர்கள். விதி என்பது நாலு பேர் ஒத்துக்கொண்டது, ஒத்துக்கொண்டால் மாற்றலாம் என்பது சமவயதுக் கூட்டத்தில்தான் புரியும் என்றார் பியாஜே; அதற்கு அவர் கவனித்தது கோலி விளையாட்டை. அறுப்பு முடிந்த களத்தில் “குழிக்கு எத்தனை ஜாண்” என்று பிள்ளைகள் சண்டைபோட்டால், கைகலப்பு ஆகாதவரை திண்ணையை விட்டு எழுந்திருக்காதீர்கள்.