சைலன்சர் ரைபிளின் சத்தத்தை அளக்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

போன மாதம் டெக்ஸஸில் ஒரு துப்பாக்கி சுடும் ரேஞ்ச். புதிதாகச் சேர்ந்த பையன் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினான். "அண்ணா, மூணு சைலன்சரும் 134 டெசிபல். 140-க்குக் கீழதான். எல்லாமே பாஸ்!"

எனக்கு வயிற்றைக் கலக்கியது. பல வருடங்களுக்கு முன்பு நானும் இதே எண்ணை இதே சிரிப்போடு காட்டியவன்தான்.

பேட்டரி தீர்ந்துபோவது, கேபிளை மறப்பது எல்லாம் ஒருமுறை பட்டால் திருந்திவிடும். திருந்தாதவற்றை மட்டும் சொல்கிறேன்.

போன் ஆப்

வேண்டவே வேண்டாம்.

எல்லா ரவுண்டுக்கும் ஒரே எண்

இன்றும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். பையன் மாட்டியிருந்தது அரை அங்குல மைக். ஒரு பாஸ்கல் அழுத்தத்துக்கு 50 மில்லிவோல்ட் தரும். ஆலைச் சத்தம் அளக்க அருமையான மைக். ஆனால் அதோடு இருந்த, மைக்கின் சிக்னலை வாங்கி அனுப்பும் ப்ரீஆம்ப் 5 வோல்ட்டோடு நின்றுவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 5-ஐ 0.05-ஆல் வகுத்தால் 100 பாஸ்கல், அதாவது 134 டெசிபல். காதுக்கு ஆபத்துக் கோடான 140 என்பதோ 200 பாஸ்கல். ஆபத்துக் கோட்டை எட்டவே முடியாத கருவி, ஆபத்து இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது. உண்மையில் 138 வந்தாலும் 134தான், 150 வந்தாலும் 134தான்.

நான் மாட்டிக்கொண்ட நாளில் மூன்று சைலன்சர், தலா பத்து ரவுண்டு. எண்கள் அச்சடித்தாற்போல ஒன்றாக வந்ததும் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நானோ, கருவி எவ்வளவு துல்லியம் என்று பெருமைப்பட்டேன். என் பேச்சை நம்பி இரண்டு பேர் மதியம் முழுக்க இயர் மஃபைக் கழற்றி வைத்துவிட்டுச் சுட்டார்கள். இரவு அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஊசி மாதிரி இருக்க வேண்டிய உச்சி, மொட்டை மாடி போலத் தட்டையாக இருந்தது. மறுநாள் காலை அவர்களில் ஒருவர் போன் செய்து, காதில் வண்டு ரீங்கரிப்பது இன்னும் நிற்கவில்லை என்றார். அறிக்கையைத் திரும்ப வாங்கினேன். தோட்டாச் செலவும் ரேஞ்ச் வாடகையும் என் கையிலிருந்து போனது. அந்தக் காதுக்கு யார் பணம் கட்டுவது?

கால் அங்குல மைக், பாஸ்கலுக்கு 1 மில்லிவோல்ட் தருவதாகப் பாருங்கள். அதே 5 வோல்ட்டில் 168 டெசிபல் வரை தாங்கும். பதிவு வேகம் வினாடிக்கு 192,000 மாதிரியாவது வேண்டும். 48,000 என்றால் இரண்டு மாதிரிக்கு நடுவே 21 மைக்ரோ வினாடி ஓடிவிடும். உச்சம் அந்தச் சந்தில் நழுவும். எண்ணைப் பார்க்கும் முன் அலைவடிவத்தைப் பாருங்கள்.

பையனிடம் ஒன்றுமே விளக்கவில்லை. சைலன்சரைக் கழற்றிவிட்டு ஒரு ரவுண்டு சுடச் சொன்னேன். திரையில் 134.

குழல்வாய்ப் பக்கம் மட்டும் மைக் வைப்பது

குழல்வாயிலிருந்து இடப்பக்கம் 1 மீட்டர், தரையிலிருந்து 1.6 மீட்டர். அமெரிக்க ராணுவத்தின் மில்-ஸ்டாண்டர்ட் 1474டி என்ற சத்த விதிமுறை வழியில் வந்த இடம் இது. சைலன்சர்களை ஒப்பிட நல்ல இடம். சுடுகிறவரின் காது அங்கே இல்லையே! ஏஆர்-15 வகை ரைபிளில் சைலன்சர் தடுத்து நிறுத்தும் வாயுவில் ஒரு பங்கு பின்னால் திரும்பி, வெற்றுத் தோட்டா உறை தெறிக்கும் வாய் வழியாக முகத்தருகே வெடிக்கும். காதிலிருந்து 15 செ.மீ. தள்ளி இன்னொரு மைக் வையுங்கள். இரண்டு பக்கமும் வைத்தால் உத்தமம், இடக்கைக்காரர்களும் சுடுகிறார்கள்.

முதல் ரவுண்டை ஒதுக்கிவிடுவது

சைலன்சருக்குள் இருக்கும் காற்றின் ஆக்சிஜனில், பாதி எரிந்த வாயு மறுபடி பற்றிக்கொள்ளும். அதனால் முதல் ரவுண்டு பெரும்பாலும் கூடுதலாகக் கத்தும். 'கணக்குக்கு ஒத்துவராத எண்' என்று அதைத் தூக்கிவிட்டுச் சராசரி போடுகிறார்கள். மான் வேட்டைக்குப் போகிறவர் சுடுவதே பல நாள் அந்த ஒரே ரவுண்டுதான்.

தகரக் கொட்டகை

தகரத்தில் சத்தம் எதிரொலிக்கும். ஒப்பிட வேண்டுமா, புல்வெளி. ஆட்களின் காதைப் பற்றிய கேள்வியா, அவர்கள் சுடும் அதே கொட்டகை.

தோட்டாவின் சாட்டையடியை மறப்பது

ஒலி வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். 5.56 மி.மீ. தோட்டா 900-ஐத் தொடும். ஒலியை முந்தும் தோட்டா எழுப்பும் அதிர்வலையைச் சைலன்சரால் ஒன்றும் செய்ய முடியாது. அது தோட்டாவோடு முன்னோக்கிப் போவதால் குழல்வாய்ப் பக்கத்து மைக்கில் விழவும் விழாது. தடத்துக்குப் பக்கவாட்டில் ஆள் நிற்கும் ரேஞ்ச் என்றால் அங்கேயும் மைக் வேண்டும். நீளமான கேபிள் எடுத்துப் போங்கள். நீங்கள் மைக் வைத்துவிட்டுத் திரும்பும்வரை எல்லா ரைபிளும் காலியாக மேஜையில் கிடக்கட்டும்.