வன உரிமை மனு: பெண்கள் விட்டுவிடக் கூடாத இடங்கள்

காட்டுக்குள் தினம் போய்வருபவர்கள் பெண்கள். ஆனால் வன உரிமை மனுவோடு போகும் வரைபடத்தில் அவர்கள் நடக்கும் தடம் பெரும்பாலும் இருப்பதே இல்லை. காட்டை நம்பி வாழ்பவர்களின் நிலம், சேகரிப்பு போன்ற உரிமைகளை ஏற்கும் வன உரிமைச் சட்டம் 2006 பெண்களுக்கு இடம் கொடுத்திருக்கிறது. அதை எழுத்தில் ஏற்ற வேண்டியது ஊர்தான்.

முதலில், மனுவை முடிவு செய்யும் கிராம சபை. பல குக்கிராமங்கள் சேர்ந்த ஊராட்சிக் கூட்டத்தில் கோரம், அதாவது கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச வருகை, வராது. குக்கிராம அளவில் கூட்டும்படி ஊராட்சியிடம் எழுத்தில் கேளுங்கள். வயது வந்தோரில் பாதிப் பேர் வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்களாக இருக்க வேண்டும். வயது வந்தோர் 240 பேர் உள்ள ஊரில் 120 பேர் வந்தால், அதில் குறைந்தது 40 பெண்கள். காலை பத்து மணிக்கு வைத்தால் அவர்கள் விறகுக்கோ கூலிக்கோ போயிருப்பார்கள். ஆகவே நேரத்தை அவர்களே சொல்லட்டும். வருகைப் பதிவில் பெண்களுக்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். கூட்டம் முடிந்தபின் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்காதீர்கள். ஒருவர் 'நான் வரவே இல்லை' என்று சொன்னால் தீர்மானமே ஆட்டம் கண்டுவிடும்.

மனுக்களை வாங்கிச் சரிபார்க்கக் கிராம சபை தேர்ந்தெடுக்கும் வன உரிமைக் குழுவில் 10 முதல் 15 பேர், குறைந்தது மூன்றில் ஒரு பங்கு பெண்கள். தலைவர் வீட்டுப் பெண்களின் பெயரை எழுதிக் கணக்கை முடித்துவிடுவது வழக்கம். அதற்கு விடாதீர்கள், காடேறுகிறவர்கள் பெயரைச் சொல்லுங்கள். ஒரே ஒரு பதவிதான் கிடைக்கும் என்றால் தலைவரைவிடச் செயலாளர் பதவியைக் கேளுங்கள். மனுப் பதிவேடு, வரைபடம், ரசீது எல்லாம் தங்குவது அங்கேதான்.

வரைபடத்துக்கு இரண்டு முறை நடக்க வேண்டும். ஆண்களோடு எல்லையை நடந்த பிறகு, பெண்கள் மட்டும் தனியாக ஒரு நாள் நடக்கட்டும். கோடையிலும் வற்றாத ஊற்று, கிழங்கு தோண்டும் சரிவு, சீமாற்றுப் புல் அறுக்கும் மேடு, தலைச்சுமையை இறக்கி வைக்கும் பாறை என ஒவ்வொன்றையும் ஊரில் வழங்கும் பெயரிலேயே குறியுங்கள். பக்கத்திலேயே மாதத்தையும் எழுதுங்கள். வருடத்தில் ஒரு மாதம் மட்டும் போகும் நெல்லிக்காடும் தேன் பாறையும்தான் அதிகம் விடுபடுகின்றன. கிழங்கு, மூலிகை எடுக்கும் இடங்கள், நீர்நிலைகள், கோயில் காடு, இடுகாடு எல்லாவற்றையும் விதிகளே சமூக உரிமைக்கு ஆதாரமாக ஏற்கின்றன.

ஒன்றுக்கு மேற்பட்ட ஆதாரம் தேவை. மனுதாரர் அல்லாத மூத்தோரின் வாக்குமூலம் செல்லும். இந்த ஊரில் பிறந்து வேறு ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போன பாட்டிகளைத் தேடிப் போய் எழுதி வாங்குங்கள். இதை யாரும் நினைப்பதில்லை.

தனிநபர் நிலத்துக்கு 'ஏ' படிவம். சேகரிப்பு, மேய்ச்சல் போன்ற சமூக உரிமைகளுக்கு 'பி'. காட்டைக் காத்து நிர்வகிக்கும் உரிமைக்கு 'சி'. 'பி'யோடு நின்றுவிட்டால் நிர்வாக உரிமை கைக்கு வராது. 'ஏ'யில் துணைவர் பெயர்க் கட்டம் காலியாக இருக்கக் கூடாது. மணமானவர்களுக்கு உரிமை ஆவணம் இருவர் பெயரிலும் வர வேண்டும். தனித்து வாழும் பெண் குடும்பத் தலைவி என்றால் அவர் பெயரிலேயே வரும்.

மனு கொடுத்த அன்றே ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். சபைத் தீர்மானம் பாதகமாக இருந்தால் சபைக்கு அடுத்த மட்டத்தில் உள்ள உட்கோட்டக் குழுவிடம் முறையிட 60 நாள்தான் அவகாசம்.

உரிமை கிடைத்த பிறகு, தேன், மூலிகை, கிழங்கு போன்ற சிறு வன மகசூலை வெளியே கொண்டுபோக அனுமதிச் சீட்டு கொடுப்பது கிராம சபையின் குழுவே. அந்தச் சீட்டுப் புத்தகம் வியாபாரியோடு பேரம் பேசும் ஆண்களின் பையில் இருக்க வேண்டாம். சேகரிக்கும் பெண்களில் இருவர் கையெழுத்திட்டால்தான் சீட்டு செல்லும் என்று சபையில் தீர்மானம் போட்டுவிடுங்கள்.