ஹனாஃபுடா சீட்டில் மாதம் குழம்பாமல் இருக்க

ஜப்பானிய ஹனாஃபுடா கட்டில் 48 சீட்டுகள்: 12 மாதப் பூக்கள், மாதத்துக்கு 4. பழைய பாணிக் கட்டுகளில் எண் இருக்காது, படம்தான் அடையாளம். அதிகம் தடுமாற வைப்பவை ஏப்ரல் விஸ்டேரியாவும் (தொங்கும் பூக்கொடி) ஜூலை ஹாகியும் (ஒரு புதர்ச்செடி). இரண்டுமே கருப்பும் சிவப்புமாகப் பொடி இலைகள். கொத்து மேலிருந்து தொங்கினால் ஏப்ரல், செடி கீழிருந்து எழும்பினால் ஜூலை. தலைகீழாகப் பிடித்தால் இதுவும் ஏமாற்றும். அதனால் முதல் சில ஆட்டங்களுக்குக் குயில் சீட்டையும் (ஏப்ரல்) காட்டுப்பன்றிச் சீட்டையும் (ஜூலை) பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது நவம்பர். கருப்பும் சிவப்புமான மின்னல் சீட்டில் வில்லோ மரம் சட்டென்று தெரியாது. உபரிச் சீட்டென்று ஒதுக்கிவிட்டால் கட்டில் 47தான் மிஞ்சும், ஒரே மாதச் சீட்டுகளை ஜோடி சேர்க்கும்போது கடைசியில் ஒரு சீட்டு ஜோடியில்லாமல் நிற்கும். மின்னல் சீட்டும் சாதாரண நவம்பர் சீட்டுதான்.

ஹனாஃபுடாவில் இருவர் ஆடும் கொய்-கொய் ஆட்டத்தில் ஆளுக்கு 8 சீட்டு, தரையில் 8. தரையில் ஒரே மாதம் நான்கும் விழுந்தால் மறுபடி கலைத்துப் போடுங்கள். மூன்று விழுந்தால் அவற்றை ஒன்றாக அடுக்குங்கள், நான்காவது வைத்திருப்பவர் மொத்தமாக அள்ளுவார்.

செப்டம்பரின் சாகே (அரிசி மது) கிண்ணச் சீட்டை எதிராளிக்கு விடாதீர்கள். மார்ச் திரைச் சீட்டோடோ ஆகஸ்ட் நிலவுச் சீட்டோடோ சேர்ந்தால் இரண்டே சீட்டில் 5 புள்ளி கிடைக்கும். சிலர் இந்த ஜோடிகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. சீட்டு போடும் முன்பே பேசி முடிவு செய்துவிடுங்கள்.