மழைநீர்ப் பரலுக்குப் பெயின்ட் அடிக்கும்போது செய்யக் கூடாதவை

வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் வீட்டு மூலைகளில் பெயின்ட் உரிந்து தொங்கும் நீலப் பரல்களுக்குக் குறைவில்லை. அடித்தவர்களைக் கேட்டால் பெயின்ட் சரியில்லை என்பார்கள். பெயின்டில் பிழை இல்லை. தூரிகை பிடிப்பதும் கீழே பேப்பர் விரிப்பதும் எல்லாருக்கும் தெரியும், அதை விடுவோம்.

மினுக்கத்தின் மேலேயே அடிப்பது

பணத்தைத் தின்னும் தவறு இதுதான். சுவருக்கு அடித்து மிஞ்சிய எமல்ஷன் கிடக்கிறது, பரலும் கிடக்கிறது, ஞாயிறு காலையில் வேலை முடிகிறது. இரண்டு கிழமை அழகாகத்தான் இருக்கும். முதல் பெருமழையில் பரல் நிரம்பி வயிறு சற்றுப் புடைத்ததும் பெயின்ட் தாள் தாளாகக் கழன்று வரும். உடனே அதன் மேல் இன்னொரு கோட் அடிப்பார்கள். அடியில் பிடிப்பில்லாதபோது மேலே எத்தனை கோட் போட்டும் என்ன? பழையதை முழுக்கச் சுரண்டினால்தான் மீண்டும் தொடங்கலாம். அந்தச் சுரண்டல் முதல் வேலையைவிட மூன்று மடங்கு எரிச்சல்.

காரணம் பரலின் பிளாஸ்டிக், அதாவது பொலிஎதிலீன். தண்ணீர் தெளித்தால் பரவாமல் முத்து முத்தாக நிற்கும் பிளாஸ்டிக்கில் பெயின்ட் மட்டும் எப்படிப் பிடிக்கும்?

சவர்க்காரத் தூளும் தும்பு பிரஷும் கொண்டு கழுவுங்கள். கடலோர வீடென்றால் உப்புப் படலம் போக நல்ல தண்ணீரில் மறுபடியும் அலசுங்கள். காய்ந்த பின் 180 இலக்க அரத்தாளாலும் பிறகு 240ஆலும் மினுக்கம் எங்கும் மிஞ்சாமல் தேய்க்க வேண்டும். வளையங்களின் பள்ளத்தைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள், உரிதலும் அங்கேயே தொடங்குகிறது. ஸ்பிரிட் நனைத்த வெள்ளைத் துணியால் துடைத்த பிறகு கை படக் கூடாது.

அடுத்தது பிளாஸ்டிக் பிறைமர், பெயின்ட் பிடிப்பதற்காக அடியில் பூசுவது. பொலிஎதிலீனுக்குப் பிடிக்கும் என்று டின்னிலேயே எழுதியிருக்க வேண்டும். கார் பம்பருக்கு அடிக்கும் வகையில் தேடுங்கள். பஞ்சிகாவத்தைப் பக்கம் வாகனப் பெயின்ட் கடைகளில் விசாரிக்கலாம். சுவர் பிறைமரை நீட்டி “இதுவும் ஒண்டுதான்” என்றால் வாங்காதீர்கள். டின்னில் சொன்ன நேரத்துக்குள் மேல் கோட்டை அடிக்க வேண்டும், நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டால் அந்தப் பிறைமர் வீண். மேலே எனாமல், மெல்லிய இரண்டு கோட். தடித்த ஒரே கோட் பரல் புடைக்கும்போது வெடிக்கும். 200 லீற்றர் பரலின் வெளிப்புறம் ஏறத்தாழ 2 சதுர மீற்றர், அரை லீற்றர் போதும்.

சந்தேகமென்றால் பின்பக்கம் கையகல இடத்தில் முதலில் அடித்து, மூன்று நாள் கழித்து பிளேடால் குறுக்குக் கோடுகள் கீறி, செலோடேப் ஒட்டி வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள்.

தண்ணீரோடு அடிப்பது

நிறைந்த பரலின் சுவர் குளிர்ந்திருக்கும். கொழும்பின் ஈரக்காற்று அதில் வியர்வையாகப் படியும். வெறுமையாக்கி, பெப்ரவரி போன்ற வறண்ட நாட்களில், காலை ஒன்பதுக்குப் பின் நிழலில் அடியுங்கள். ஒரு கிழமைக்குத் தண்ணீர் விட வேண்டாம்.

உட்புறம்

அடிக்கவே வேண்டாம்.

நிறம்

பளீர்ப் பச்சை எந்த மரத்தோடும் சேராது. செடிகளுக்கிடையே மங்கிய ஒலிவ் அல்லது மண்சாம்பல்; சுவரோரமென்றால் சுவரின் நிறமே. வெளிச்சம் ஊடுருவும் வெள்ளைப் பரலுக்கு முதலில் கறுப்புக் கோட் ஒன்று போடாவிட்டால் உள்ளே பாசி பிடிக்கும்.

வலையையும் குழாயையும் கழற்றாமல் அடிப்பது

குழாய்ப் புரியில் பெயின்ட் படிந்தால் ஒழுகும். பரல் வாயில் இருக்கும் வலையின் கண் அடைபட்டால் பீலித் தண்ணீர் வெளியே வழியும், கடைசியில் வலையே கழற்றி வீசப்படும், நுளம்புக்கு வழி திறக்கும். டெங்கு நுளம்பின் முட்டை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே உட்சுவரில் ஒட்டி, காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ஆகவே பரலை வெறுமையாக்கிய அன்றே உட்சுவரைத் தும்பு பிரஷால் அழுத்தித் தேய்த்துவிடுங்கள். பெயின்ட் காயும் நாட்களில் வாயை மூடிக் கட்டுங்கள். நுளம்பு பெருக இடம் வைத்திருப்பது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். பரல் காய்ந்துகொண்டிருந்தது என்று பரிசோதகரிடம் சொல்லித் தப்ப முடியாது.