வீட்டு சர்வர் ஓடத் தொடங்கியாச்சு, அடுத்து என்ன? டிஸ்க், பேக்கப், வெளியிலிருந்து நுழைவது

பழைய லேப்டாப்பிலோ சின்னக் கணினியிலோ டெபியன் அல்லது உபுண்டு (இரண்டும் லினக்ஸ் இயங்குதளங்கள்) போட்டு, படங்களை எல்லாம் அதில் ஏற்றி, ஓரமாக வைத்துவிட்டீர்கள். ஓடுகிறது. இந்தப் பதிவு அங்கிருந்து தொடங்குகிறது. செய்யப்போவது மூன்று வேலை: டிஸ்க்கை ஒழுங்காக இணைப்பது, பேக்கப் எடுப்பது, வெளியே இருக்கும்போது வீட்டு சர்வருக்குள் நுழைவது. இதே வரிசையில் செய்யுங்கள். மூன்றாவதுதான் ஆசையாக இருக்கும், அதனால் பலர் அதை முதலில் செய்கிறார்கள். பேக்கப் இல்லாத ஒரு சர்வருக்கு வெளியிலிருந்து வழி திறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வீட்டு சர்வரில் பெரும்பாலான தவறுகள் சத்தமில்லாமல் நடக்கும். டிஸ்க் இணையாமல் இருக்கும், பேக்கப் நின்றுபோயிருக்கும், எதுவும் உங்களுக்குச் சொல்லாது. அதனால் ஒவ்வொரு படியிலும் ‘இது தவறினால் எனக்கு எப்படித் தெரியும்?’ என்ற கேள்வியையும் சேர்த்தே பார்க்கப்போகிறோம்.

கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டுங்கள். நான் தனியாகச் சொல்லாதவரை எல்லாம் சின்ன எழுத்துதான்.

படி 1: எந்த டிஸ்க் எது என்று பாருங்கள்

டெர்மினலில் ‘எல்எஸ்பிஎல்கே’ என்று தட்டினால், இணைந்திருக்கும் டிஸ்க்குகளும் அவற்றின் பகுதிகளும் கிளைகிளையாக வரும். எஸ்டிஏ, எஸ்டிபி என்று பெயர்கள் இருக்கும். இந்தப் பெயர்களை நம்பாதீர்கள். இன்று எஸ்டிபி ஆக இருக்கும் டிஸ்க், வேறொரு யூஎஸ்பி சாதனத்தைச் சொருகிவிட்டு ரீபூட் செய்தால் எஸ்டிசி ஆகிவிடலாம். மாறாத அடையாளம் யூயூஐடி என்ற நீளமான எண். ‘எல்எஸ்பிஎல்கே -எஃப்’ என்று தட்டினால் அது தெரியும்.

4 டிபி என்று வாங்கிய டிஸ்க் 3.6 என்று காட்டினால் பயப்பட வேண்டாம். தயாரிப்பவர்கள் ஆயிரத்தின் மடங்கில் கணக்கிடுகிறார்கள், இந்தக் கட்டளை 1024-இன் மடங்கில் கணக்கிடுகிறது. எதுவும் காணாமல் போகவில்லை. ஆனால் இன்னொரு விஷயம் உண்டு: இஎக்ஸ்டி4 முறையில் ஃபார்மேட் செய்தால் 5 சதவீத இடத்தை ரூட் என்ற முழு அதிகாரமுள்ள நிர்வாகப் பயனருக்காக ஒதுக்கி வைத்துவிடும். சிஸ்டம் இருக்கும் டிஸ்க்கில் அது நல்லது, படங்கள் மட்டும் வைக்கும் 4 டிபி டிஸ்க்கிலோ 200 ஜிபி சும்மா கிடக்கும். ‘டியூன்2எஃப்எஸ் -எம் 1’ என்று எழுதி டிஸ்க் பகுதியின் பெயரைக் கொடுத்தால் ஒதுக்கீடு 1 சதவீதமாகக் குறையும். உள்ளே இருக்கும் தரவுக்கு ஒன்றும் ஆகாது.

2 டிபிக்கு மேற்பட்ட டிஸ்க் என்றால் பகுதி பிரிக்கும்போது ஜிபிடி முறையைத் தேர்ந்தெடுங்கள், பழைய எம்பிஆர் முறைக்கு அதற்கு மேல் எட்டாது.

படி 2: மவுண்ட் செய்வது (இதை அவசரமாகக் கடக்காதீர்கள்)

டிஸ்க்கை ஒரு ஃபோல்டரோடு இணைப்பதைத்தான் மவுண்ட் என்கிறோம். ‘எஸ்ஆர்வி’ ஃபோல்டருக்குள் ‘டேட்டா’ என்று ஒரு காலி ஃபோல்டரை உருவாக்குங்கள். அப்புறம் ‘இடிசி’ ஃபோல்டரில் இருக்கும் ‘எஃப்எஸ்டேப்’ ஃபைலைத் திறந்து கடைசியில் ஒரு வரி சேர்க்க வேண்டும். அந்த வரியில் வரிசையாக: ‘யூயூஐடி=’ (இது பெரிய எழுத்தில்) என்று எழுதி அதை ஒட்டியே அந்த நீளமான எண், எந்த ஃபோல்டரில் இணைய வேண்டும், இஎக்ஸ்டி4, விருப்பங்கள், கடைசியில் 0, 2 என்ற இரண்டு எண்கள். விருப்பங்கள் இருக்கும் இடத்தில் ‘டிஃபால்ட்ஸ், நோஃபெயில்’ என்று போடுங்கள், நடுவில் கமா மட்டும், இடைவெளி கூடாது.

அந்த நோஃபெயில் ஏன்? அது இல்லாமல் டிஸ்க்கும் இணையாமல் போனால், சர்வர் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு அவசரநிலைத் திரையில் போய் நின்றுவிடும். திரையும் கீபோர்டும் இல்லாத ஒரு பெட்டி அந்தத் திரையில் நின்றால் உங்களுக்குத் தெரிவதெல்லாம் ‘சர்வரைக் காணோம்’ என்பது மட்டும்தான்.

ஃபைலைச் சேமித்த பிறகு உடனே ரீபூட் செய்யாதீர்கள். ‘ஃபைண்ட்எம்என்டி --வெரிஃபை’ என்று தட்டினால் நீங்கள் எழுதிய வரியில் பிழை இருந்தால் சொல்லும். சரியாக இருந்தால் ‘சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்’, பிறகு ‘மவுண்ட் -ஏ’.

ஆனால் நோஃபெயில் போட்டால் வேறொரு ஆபத்து வந்து சேர்கிறது, நான் மாட்டிக்கொண்டது அதில்தான். என் பேக்கப் டிஸ்க் யூஎஸ்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் மின்சாரம் போய் வந்தபோது அந்த டிஸ்க் மட்டும் எழவில்லை. சர்வர் சமர்த்தாக எழுந்துவிட்டது. டிஸ்க் இணைய வேண்டிய ஃபோல்டர் இருந்த இடத்திலேயே காலியாக இருந்தது, தினமும் இரவு ஓடும் பேக்கப் அந்தக் காலி ஃபோல்டருக்குள், அதாவது சிஸ்டம் இருக்கும் அதே டிஸ்க்கிலேயே, எழுத ஆரம்பித்துவிட்டது. மூன்று வாரம். பதிவேட்டில் ஒவ்வொரு நாளும் ‘வெற்றி’ என்றுதான் இருந்தது. கடைசியில் சிஸ்டம் டிஸ்க் நிரம்பி ஒவ்வொரு சேவையாக விழுந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அந்த மூன்று வாரமும் என்னிடம் தனி பேக்கப் என்று ஒன்று இல்லவே இல்லை என்பதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

இதைத் தடுக்க ஒரே ஒரு கட்டளை போதும். டிஸ்க் இணையாமல் இருக்கும்போது, அந்தக் காலி ஃபோல்டரின் மேல் ‘சிஹெச்ஏடிடிஆர் +ஐ’ கொடுத்துவிடுங்கள். அதன்பின் ரூட் பயனரால்கூட அந்தக் காலி ஃபோல்டருக்குள் எழுத முடியாது. டிஸ்க் அதன்மேல் இணைந்தால் வழக்கம்போல எழுதலாம். டிஸ்க் வராத நாளில் பேக்கப் பிழையோடு விழும். விழட்டும், நமக்கு அதுதான் வேண்டும்.

டிஸ்க்கின் உடல்நலம்: ‘ஸ்மார்ட்மன்டூல்ஸ்’ நிறுவி, ‘ஸ்மார்ட்சிடிஎல் -ஏ’ என்று மாதம் ஒருமுறை பாருங்கள். பெரிய பட்டியல் வரும். சுழலும் டிஸ்க் என்றால் 5-ஆம் எண் வரியையும் 197-ஆம் எண் வரியையும் பாருங்கள்: மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்கள், படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்கள். இரண்டும் 0 என்றால் நிம்மதி. ஏறிக்கொண்டே போனால் புது டிஸ்க் வாங்கும் நேரம் வந்துவிட்டது.

படி 3: எதை பேக்கப் எடுப்பது

ரெய்ட் போட்டிருக்கிறேன், இரண்டு டிஸ்க்கிலும் ஒரே தரவு இருக்கிறது, பேக்கப் எதற்கு என்று நினைக்காதீர்கள். ஒரு டிஸ்க் செத்தாலும் சேவை நிற்காமல் இருக்கத்தான் ரெய்ட். நீங்கள் தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால் அது இரண்டு டிஸ்க்கிலும் அந்த நொடியே அழிந்துவிடும்.

பரவலாகச் சொல்லப்படும் விதி 3-2-1: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே. அதற்கு முன் தரவைப் பிரித்துக்கொள்ளுங்கள். திரும்பக் கிடைக்கவே கிடைக்காதவை (படங்கள், ஸ்கேன் செய்த ஆவணங்கள்), மறுபடி செய்யலாம் ஆனால் நாள்கணக்கில் ஆகும் என்பவை (அமைப்பு ஃபைல்கள், டேட்டாபேஸ்), எப்போது வேண்டுமானாலும் தரவிறக்கிக்கொள்ளக்கூடியவை. மூன்றாம் வகையை விட்டுவிடுங்கள். பெரும்பாலும் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது அதுதான், அதை ஒதுக்கிவிட்டால் மீதி ஒரு சின்ன டிஸ்க்கிலேயே அடங்கிவிடும்.

படி 4: ரெஸ்டிக்

பல கருவிகள் உண்டு. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது ரெஸ்டிக். ஒரே தரவை இரண்டு முறை சேமிக்காது, எல்லாவற்றையும் பாஸ்வேர்ட் இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டியே எழுதும், பழைய நாள்களுக்குத் திரும்பிப் போக விடும்.

‘ரெஸ்டிக் இனிட்’ என்று கொடுத்துக் கிடங்கை உருவாக்குங்கள், ‘-ஆர்’ போட்டு பேக்கப் டிஸ்க்கின் இடத்தைக் காட்ட வேண்டும். ஒரு பாஸ்வேர்ட் கேட்கும். இந்தப் பாஸ்வேர்ட் தொலைந்தால் பேக்கப்பும் தொலைந்தது, ரெஸ்டிக்கை எழுதியவர்களாலும் திறந்து தர முடியாது. தானாக ஓடுவதற்காக அதை சர்வரில் ரூட் மட்டும் படிக்கும் ஃபைலில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அந்த சர்வரே போய்விட்டால் என்ன செய்வீர்கள்? காகிதத்தில் எழுதி, வீட்டு ஆவணங்களோடு வையுங்கள். உங்களைத் தவிர வீட்டில் இன்னொருவருக்கும் அது எங்கே இருக்கிறது என்று தெரியட்டும்.

அப்புறம் ‘ரெஸ்டிக் பேக்கப்’ என்று எழுதி ஃபோல்டரின் பெயரைக் கொடுங்கள். முதல் முறை நேரம் எடுக்கும், அடுத்தடுத்த முறை மாறியது மட்டும் போவதால் சீக்கிரம் முடியும். ‘ரெஸ்டிக் ஸ்னாப்ஷாட்ஸ்’ என்றால் எந்தெந்த நாள் எடுத்தது என்று பட்டியல் வரும். பழையதைக் கழிக்க ‘ரெஸ்டிக் ஃபர்கெட் --கீப்-டெய்லி 7 --கீப்-வீக்லி 4 --கீப்-மன்த்லி 6 --புரூன்’. கடைசி ஏழு நாள், நான்கு வாரம், ஆறு மாதம் மிஞ்சும்.

டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் ஃபைல்களை அப்படியே பிரதி எடுக்காதீர்கள், பாதி எழுதிய நிலையில் மாட்டும். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் என்றால் முதலில் ‘பிஜி_டம்ப்’ மூலம் ஒரு ஃபைலாக வெளியே எடுத்து, அந்த ஃபைலை பேக்கப்பில் சேருங்கள்.

இதையெல்லாம் ஒரு சின்ன ஸ்கிரிப்டாக எழுதி, சிஸ்டம்டி டைமரில் (குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் லினக்ஸ் வசதி) இரவு ஓடும்படி வையுங்கள். டைமரில் ‘பெர்சிஸ்டென்ட்=ட்ரூ’ போட்டால் (இதில் முதல் எழுத்து மட்டும் பெரியது), சர்வர் அணைந்திருந்ததால் தவறிய வேலை, எழுந்ததும் ஓடும்.

தவறினால் எப்படித் தெரியும்? ஹெல்த்செக்ஸ் மாதிரி ஒரு சேவையில் உங்களுக்கென ஓர் இணைய முகவரி வாங்கிக்கொண்டு, ஸ்கிரிப்டின் கடைசி வரியில், எல்லாம் வெற்றியாக முடிந்தால் மட்டும், ‘கர்ல்’ மூலம் அந்த முகவரியைத் தொடும்படி செய்யுங்கள். குறித்த நேரத்துக்குள் தொடாவிட்டால் உங்களுக்கு மின்னஞ்சல் வரும். தோல்வி வந்தால் சொல்லு என்று வைப்பதைவிட, வெற்றி வராவிட்டால் சொல்லு என்று வைப்பது எவ்வளவோ மேல், ஏனென்றால் செத்துப்போன சர்வரால் தோல்விச் செய்தி அனுப்ப முடியாது.

வெளியே ஒரு பிரதி: நம்பிக்கையான ஒருவர் வீட்டில் சின்னக் கணினியும் டிஸ்க்கும் வைத்து எஸ்எஃப்டிபி என்ற பாதுகாப்பான ஃபைல் அனுப்பும் முறை வழியாக அனுப்பலாம், அல்லது வாடகைக்கு இணையச் சேமிப்பு எடுக்கலாம். ரெஸ்டிக் பூட்டியே அனுப்புவதால் அங்கே இருப்பவர் உங்கள் படங்களைப் பார்க்க முடியாது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: நொடிக்கு 20 மெகாபிட் பதிவேற்ற வேகத்தில் 500 ஜிபி அனுப்ப ஏறத்தாழ 56 மணி நேரம் ஆகும். அதனால் முதல் பிரதியை வீட்டிலேயே டிஸ்க்கில் எடுத்து, கையில் கொண்டுபோய் வைத்துவிடுவது சுலபம்.

படி 5: திரும்ப எடுத்துப் பாருங்கள்

‘ரெஸ்டிக் ரெஸ்டோர் லேட்டஸ்ட்’, அதோடு ‘--இன்க்ளூட்’ என்று ஒரு ஃபோல்டர், ‘--டார்கெட்’ என்று வேறொரு காலி இடம். முடிந்ததும் அந்தக் காலி இடத்தைத் திறந்து, பழைய படம் ஒன்றைச் சொடுக்குங்கள். சின்னப் படமாகத் தெரிந்தால் போதாது, முழுதாகத் திறந்து பெரிதாக்கி ஓரம்வரை பாருங்கள், கீழ்ப்பாதி சாம்பல் பட்டையாக வந்தால் ஃபைல் கெட்டிருக்கிறது என்று பொருள். பாஸ்வேர்டை ஃபைலிலிருந்து எடுக்காமல் அந்தக் காகிதத்தைப் பார்த்தே தட்டுங்கள். கையெழுத்தில் 1 எது, எல் எது என்ற குழப்பம் இப்போதே வந்துவிடட்டும்.

படி 6: வெளியிலிருந்து நுழைவது

முதலில் எஸ்எஸ்ஹெச், அதாவது வேறொரு கணினியிலிருந்து சர்வரின் டெர்மினலுக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி. உங்கள் லேப்டாப்பில் ‘எஸ்எஸ்ஹெச்-கீஜென் -டி இடி25519’ கொடுத்துச் சாவி உருவாக்கி, ‘எஸ்எஸ்ஹெச்-காப்பி-ஐடி’ மூலம் சர்வருக்கு அனுப்புங்கள். சாவியால் நுழைய முடிகிறது என்று பார்த்தபின், சர்வரில் எஸ்எஸ்ஹெச்டி (எஸ்எஸ்ஹெச் சேவை) அமைப்பு ஃபைலில் ‘பாஸ்வேர்ட்ஆதென்டிகேஷன் நோ’ என்று மாற்றுங்கள். திறந்திருக்கும் டெர்மினலை மூடாமல் இன்னொரு ஜன்னலில் சோதியுங்கள். தவறினால் பழைய ஜன்னல் வழியாகத் திருத்தலாம். உபுண்டுவில், அதே இடத்தில் ‘.டி’ என்று முடியும் ஃபோல்டருக்குள் இருக்கும் குட்டி ஃபைல் ஒன்று ‘யெஸ்’ என்று சொல்லிக்கொண்டிருக்கலாம், முதலில் படிக்கப்படுவதே செல்லும் என்பதால் உங்கள் மாற்றம் பலிக்காது. ‘எஸ்எஸ்ஹெச்டி -டி’ (டி பெரிய எழுத்து) கொடுத்தால் உண்மையில் எது நடப்பில் இருக்கிறது என்று காட்டும்.

இதற்காக ரவுட்டரில் எஸ்எஸ்ஹெச்சின் 22-ஆம் போர்ட்டை, அதாவது இணையத்திலிருந்து உள்ளே வரும் வாசலைத் திறக்காதீர்கள். திறந்தால் சீக்கிரமே யார்யாரோ ரூட், அட்மின் என்று பெயர் போட்டுத் தட்டிப் பார்ப்பது பதிவேட்டில் வரிசையாக வரும். அதற்குப் பதில் வயர்கார்டு போடுங்கள், வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குப் பூட்டிய பாதை போடும் விபிஎன் அது. 2020-இல் வந்த 5.6 பதிப்பிலிருந்து லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. சரியான சாவி இல்லாதவருக்கு அது பதிலே சொல்லாது, அதனால் வெளியிலிருந்து தேடுபவருக்கு அங்கே ஒன்று இருப்பதே தெரியாது. ரவுட்டரில் 51820 யூடிபி போர்ட்டை மட்டும் சர்வருக்குத் திருப்பிவிட்டால் போதும்.

அதற்கு முன் ஒரு சோதனை. ரவுட்டரின் பக்கத்தில் வெளி ஐபி என்ன என்று பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், உங்கள் இணைய நிறுவனம் ஒரே முகவரியைப் பலருக்குப் பகிர்ந்து தருகிறது, போர்ட் திருப்பி என்ன செய்தாலும் வராது. அப்போது டெய்ல்ஸ்கேல் பயன்படுத்துங்கள். அதுவும் உள்ளே வயர்கார்டுதான், போர்ட் திறக்கத் தேவையில்லை.

இன்னொன்று, உங்கள் வீட்டு நெட்வொர்க் 192.168.1 என்று இருந்தால் இப்போதே வேறொன்றுக்கு, உதாரணமாக 10.37.20-க்கு, மாற்றிவிடுங்கள். வெளியே நீங்கள் சேரும் வைஃபையும் 192.168.1 ஆக இருந்தால் உங்கள் கருவிக்கு எது வீடு, எது வெளி என்று குழம்பிவிடும்.

இணையவில்லையா? சர்வரில் ‘டபிள்யூஜி’ என்று மட்டும் தட்டுங்கள். ‘லேட்டஸ்ட் ஹேண்ட்ஷேக்’ என்ற வரி இல்லை என்றால் இரண்டு பக்கமும் இன்னும் கைகுலுக்கவே இல்லை: போர்ட், முகவரி, சாவி மூன்றையும் பாருங்கள். அந்த வரி இருந்தும் வீட்டிலுள்ள மற்ற கருவிகள் எட்டவில்லை என்றால், சர்வரில் ஐபி ஃபார்வர்டிங்கை, அதாவது ஒரு பக்கம் வரும் போக்குவரத்தை மறுபக்கம் கடத்திவிடும் வசதியைத் திறந்தீர்களா, போனில் ‘அலவ்ட்ஐபிஸ்’ பட்டியலில் வீட்டு நெட்வொர்க்கைச் சேர்த்தீர்களா என்று பாருங்கள்.

எல்லாம் சரி என்று தோன்றியதும் போனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் வயர்கார்டை இயக்கி உள்ளே போங்கள். பிறகு அங்கிருந்தபடியே சர்வரை ரீபூட் செய்யுங்கள். ஐந்து நிமிடம் காத்திருந்து மறுபடி நுழைந்து, ‘எல்எஸ்பிஎல்கே’ தட்டி டேட்டா, பேக்கப் ஆகிய இரண்டு டிஸ்க்கும் அதனதன் இடத்தில் இணைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். இணையாமல் இருந்தால் நீங்கள் இன்னும் வீட்டில்தான் இருக்கிறீர்கள், எழுந்து போய் ஒயரைப் பார்க்கலாம்.