சிஎன்சி மில்லிங் வாங்கும் முன் கையால் தள்ளிப் பாருங்கள்

வீட்டுப் பட்டறைக்குச் சின்ன சிஎன்சி மில்லிங் மெஷின் (கணினி கட்டளைப்படி சுழலும் கட்டரால் வெட்டும் மெஷின்) பார்க்கப் போகும்போது ஒரு டயல் கேஜும் (நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் அளவுகோல்) அதன் காந்த ஸ்டாண்டும் பையில் இருக்கட்டும். மெஷினை ஆன் செய்யுங்கள். கட்டரைப் பிடித்துச் சுழற்றும் ஸ்பிண்டில் மட்டும் சுற்றக் கூடாது. ஸ்டாண்டை டேபிளில் நிறுத்தி, கேஜின் முனை ஸ்பிண்டிலின் அடிப்பாகத்தைத் தொடும்படி வைத்து, ஸ்பிண்டிலைக் கையால் பக்கவாட்டில் அழுத்தித் தள்ளுங்கள். ஐந்து கிலோ அளவுக்குத் தள்ளினாலே முள் பத்துக் கோடு, அதாவது 0.1 மி.மீ., நகர்ந்தால் எஃகு வெட்ட அது உதவாது.

வெட்டும்போது உலோகமும் கட்டரை இப்படித்தான் தள்ளும். பாடி வளைந்தால் அதிர்வு, வரி வரியான பரப்பு, தப்பான அளவு. மோட்டார் எத்தனை வாட் இருந்தும் பயனில்லை. கையை எடுத்த பிறகும் முள் பூஜ்யத்துக்குத் திரும்பவில்லையா? டேபிளையோ ஸ்பிண்டிலையோ நகர்த்தும் ஸ்க்ரூவிலோ அதன் நட்டிலோ லூஸ் இருக்கலாம். அப்புறம், அலுமினிய டேபிளில் காந்தம் ஒட்டாது, ஸ்டாண்டை கிளாம்ப் போட்டுப் பிடிக்க வேண்டும்.

சேலம் செவ்வாய்பேட்டை கொலுசுப் பட்டறைகளுக்கு எஃகு அச்சு வெட்ட நினைப்பவர்களுக்கு இந்தச் சோதனை. மரம், அக்ரிலிக், பெயர்ப்பலகை மட்டும்தான் என்றால் லேசான அலுமினிய பிரேம் மெஷினே போதும், இவ்வளவு பார்க்க வேண்டியதில்லை.